17 மாதம், இன்னும் தனியாக நடக்கவில்லை: வளர்ச்சிப் பட்டியலில் எதைப் பார்ப்பது, எதை விடுவது?

நிலாமுற்றம் (கேள்வி)

வணக்கம். பையனுக்கு 17 மாசம் முடிஞ்சிருக்கு. 34 வாரத்துல பிறந்தவன். போன்ல ரெண்டு வளர்ச்சி ஆப் இருக்கு. ஒண்ணுல பாதிக் கட்டம் சிவப்பு, இன்னொண்ணுல அதே விஷயங்களுக்குப் பச்சை. எதை நம்புறதுன்னு தெரியல.

இப்போ அவன் செய்யறது: கட்டிலைப் பிடிச்சு எழுந்து நிப்பான், பிடிச்சுக்கிட்டே பக்கவாட்டுல நடப்பான். கையை விட்டா உட்கார்ந்துடுவான். முட்டி போட்டுத் தவழ்ந்ததே இல்ல, உட்கார்ந்த வாக்குலயே நகர்ந்து போறான். "ம்மா", "தா", "ப்பூ" சொல்றான். வேற சத்தம் நிறைய போடுவான், அதெல்லாம் வார்த்தையான்னு தெரியல. டப்பாவைத் திறந்து மூடுவான், ரெண்டு கட்டை அடுக்குவான்.

என் கேள்வி மூணு. எந்தக் கட்டம் சிவப்பா இருந்தா நிஜமாவே கவலைப்படணும்? வீட்டுலயே சரியா சோதிச்சுப் பார்க்க வழி இருக்கா? டாக்டர்கிட்ட போனா அஞ்சு நிமிஷம்தான் கிடைக்கும், அதுல என்ன சொல்லணும்?

---

தளர்நடை

முதலில் வயதைத் திருத்துங்கள். 40 வாரத்துக்கு 6 வாரம் முன்னதாகப் பிறந்தவன், ஆகவே இன்று அவனுடைய திருத்திய வயது சுமார் பதினைந்தரை மாதம். இரண்டு வயது வரை எல்லாக் கட்டங்களையும் இந்த வயதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்கள் ஆப்பில் பிறந்த தேதியை மட்டும் போட்டிருந்தால் சிவப்பில் ஒரு பகுதிக்கு அதுவே காரணம். எதிர்பார்த்த பிரசவத் தேதியையும் கேட்கும் ஆப்தான் குறைமாதக் குழந்தைக்குப் பொருந்தும். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு, அதைத் தள்ளிப் போடாதீர்கள்.

இரண்டு ஆப்பும் வேறு வேறு பதில் சொல்வதற்குக் காரணம் அவை கோடு போடும் இடம். சில பட்டியல்கள் பாதிக் குழந்தைகள் செய்யும் வயதைப் போடுகின்றன. அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது நான்கில் மூன்று பங்கு அல்லது அதற்கு மேற்பட்ட குழந்தைகள் செய்யும் வயதுக்குக் கோட்டை நகர்த்தியது. பாதிக் கணக்குப் பட்டியலில் சிவப்பு விழுந்தால், இன்னொரு பாதிக் குழந்தைகளுக்கும் சிவப்புதான். அதற்குப் பொருளே இல்லை. முக்கால் கணக்குப் பட்டியலில் சிவப்பு விழுந்தால் கேட்டுப் பார்க்க வேண்டும்.

நடைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவுகளில், உடல்நலமுள்ள குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை பரவியிருக்கிறது. நடுப்புள்ளி 12 மாதம். எதையும் பிடிக்காமல் நிற்பது 6.9 முதல் 16.9 வரை. உங்கள் மகன் திருத்திய வயதில் இன்னும் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறான். அதே ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. தவழ்வது சி.டி.சி. பட்டியலிலும் இப்போது கிடையாது. ஆகவே அந்தக் கட்டத்தைத் தாராளமாக அடித்துவிடுங்கள்.

உட்கார்ந்தே நகரும் குழந்தைகள் தனி ரகம். அக்குளில் பிடித்துத் தூக்கிக் கீழே இறக்கினால் காலைத் தரையில் ஊன்றாமல் முன்னால் நீட்டிக்கொண்டு காற்றில் உட்கார்வார்கள். பலருக்கு மூட்டு கொஞ்சம் தளர்வாக இருக்கும், வீட்டில் அப்பாவோ அம்மாவோ அப்படியே நகர்ந்திருப்பார்கள். நடை 18 மாதத்துக்கு மேல் போவது இவர்களிடம் சகஜம், இரண்டு வயதை ஒட்டியும் நடக்கத் தொடங்குவார்கள். ஆனால் "இவன் அந்த ரகம்" என்று நாமே முடிவு கட்டிவிடக் கூடாது. திருத்திய 18 மாதத்தில் நான்கு அடி தனியாக வைக்கவில்லை என்றால் ஒரு முறை பரிசோதனை தேவை. அதில் இடுப்பு மூட்டு, தசை இறுக்கம், அனிச்சைச் செயல் மூன்றையும் பார்ப்பார்கள். பையன் என்றால் கிரியேட்டின் கைனேஸ் (தசை சேதமானால் ரத்தத்தில் கூடும் நொதி) ரத்தப் பரிசோதனையையும் கேட்டுப் பெறலாம். தசைச் சிதைவு நோய் பையன்களுக்குத்தான் அதிகம் வருகிறது, நடை தாமதம் அதன் ஆரம்ப அறிகுறியாக இருக்கலாம். மிக அரிதுதான், ஆனால் எளிய சோதனை.

எந்த மாதத்தில் நடந்தான் என்பதைவிட எப்படி நகர்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. வெறும் காலோடு, டயப்பர் மட்டும் போட்டுத் தரையில் விடுங்கள். பாருங்கள்:

– பிடித்து எழும்போது ஒரு காலை முன்னால் ஊன்றி, மறு முட்டியில் நின்று எழுகிறானா? எப்போதும் ஒரே கால்தானா, அல்லது மாறி மாறியா?

– பக்கவாட்டு நடை இரு திசையிலும் வருகிறதா?

– நிற்கும்போது குதிகால் தரையில் படுகிறதா? சில நேரம் நுனிக்காலில் நிற்பது பரவாயில்லை. குதிகாலை நீங்கள் கையால் கீழே அழுத்தினாலும் இறங்கவில்லை, கால்கள் கத்தரிபோல் குறுக்கே போகின்றன என்றால் அது இறுக்கம்.

– தூக்கும்போது உங்கள் கைகளுக்கு இடையே வழுக்கி நழுவுகிறானா? அது தளர்வு.

– இரண்டு கையையும் ஒரே அளவு பயன்படுத்துகிறானா? இந்த வயதில் "இவன் வலக்கைக்காரன்" என்று தெளிவாகத் தெரிந்தால் அது பெருமைப்படும் விஷயமல்ல. ஒன்றரை வயதுக்கு முன் ஒரு கை ஓங்கி நிற்பது மறு கை பலவீனத்தின் அறிகுறியாக இருக்கலாம்.

தட்டைப் பாதமும் லேசாக வளைந்த காலும் இந்த வயதுக்கு இயல்பு. விட்டுவிடுங்கள்.

பயிற்சி என்று பெரிதாக எதுவும் வேண்டாம், பொருட்களை இடம் மாற்றினால் போதும். அவன் மார்பளவு உயரப் பொருட்கள் இரண்டை அருகருகே போட்டு, நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். எளிதாகக் கடந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள், கை எட்டும் தூரத்துக்குச் சற்று மேலே போகும்போது ஒரு அடியைத் தனியாக வைத்தே ஆக வேண்டியிருக்கும். அடுத்தது சின்ன முக்காலி: உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பட்டு, முட்டி செங்கோணத்தில் மடங்கும் உயரம், பெரும்பாலும் 15 முதல் 20 செ.மீ. அதில் உட்கார வைத்து, முன்னால் மார்பு உயரத்தில் பொம்மையைக் காட்டினால் எழுவான். நான்கைந்து தடவை எழுந்து உட்கார்ந்தால் போதும், சலிக்கும் முன் நிறுத்துங்கள். உட்கார்ந்தே நகரும் குழந்தைக்குக் காலில் எடை இறங்கப் பழகுவதுதான் முக்கியம், இந்த முக்காலி அதைச் செய்கிறது. மூன்றாவது, முதுகு சோபாவில் சாய்ந்திருக்க நிற்க வைத்து, இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய பெரிய பந்தைக் கொடுங்கள். பந்தில் கவனம் போனதும் சாய்வதை மறப்பான்.

எல்லோரும் செய்யும் தவறு, இரு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடத்துவது. அப்படி நடத்தினால் குழந்தை உங்கள் கையில் தொங்கிக்கொண்டு நுனிக்காலில் நடக்கும். தன் எடையைத் தான் தாங்கவே கற்காது. இடுப்பைப் பிடியுங்கள், அல்லது கை அவன் தோளுக்குக் கீழே இருக்கட்டும். நடுவில் உட்கார வைத்து உருட்டும் வட்ட வாக்கர் வேண்டவே வேண்டாம். அது நடையை விரைவுபடுத்தாது, படிக்கட்டிலிருந்து உருளும் ஆபத்து வேறு. கனடா 2004இலேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. பின்னால் நின்று தள்ளும் நடைவண்டி வேறு, அது நல்லது. ஆனால் வெறும் வண்டி வேகமாக ஓடி முகம் குப்புறத் தள்ளும், இரண்டு மூன்று கிலோ கனத்தை உள்ளே வையுங்கள். வீட்டுக்குள் ஷூ, வழுக்கும் சாக்ஸ் இரண்டும் வேண்டாம்.

---

புதுவரவு

ஆம்பளப் பசங்க எல்லாமே லேட்டாதான் செய்வாங்க. ரெண்டு வயசுல தானா பேசுவாங்க, நடப்பாங்க. ஆப்பை டெலீட் பண்ணிட்டு நிம்மதியா இருங்க.

---

சொல்வளர்

ஆப்பை நீக்குவதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் "பையன்கள் தாமதம்" என்பதைக் காரணமாக வைக்க முடியாது. பெண் குழந்தைகளோடு ஒப்பிட்டால் சராசரியில் சிறு வித்தியாசம் உண்டு, அவ்வளவே. பட்டியல்கள் இருபாலரையும் சேர்த்துத்தான் தயாராகின்றன. ஒரு பையன் பட்டியலை விட்டு வெகுதூரம் பின்னால் இருந்தால், அவன் பையன் என்பது அதை விளக்காது.

நிலாமுற்றம், நடையைப் பற்றி மேலே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். என் கருத்தில் அது உங்கள் பட்டியலில் இரண்டாம் இடம்தான். நீங்கள் எழுதியதில் ஒன்றைச் சொல்லவே இல்லை: அவன் விரல் நீட்டிக் காட்டுகிறானா? நடையில் இரண்டு மாதம் காத்திருக்கலாம். விரல் நீட்டுவது, பெயர் சொன்னால் திரும்புவது, சொன்னதைப் புரிந்துகொள்வது இவை மூன்றிலும் சந்தேகம் வந்தால் காத்திருக்கக் கூடாது. எத்தனை வார்த்தை என்பதுகூட அதற்குப் பிறகுதான்.

விரல் நீட்டுவதில் இரண்டு வகை. "அது வேணும்" என்று நீட்டுவது ஒன்று. வானத்தில் விமானம் போகிறது, அவனுக்கு அது வேண்டாம், நீங்களும் பார்க்க வேண்டும் என்று நீட்டிவிட்டு உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. சி.டி.சி. பட்டியலில் முதலாவது 15 மாதத்திலும் இரண்டாவது 18 மாதத்திலும் இருக்கின்றன. இரண்டாவதுதான் அதிகம் சொல்லும். உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் பொருளின் மேல் வைப்பதை விரல் நீட்டுவதாகக் கணக்கிடாதீர்கள். சோதிக்க: அறையின் மறு மூலையில் அவன் எதிர்பாராத ஒன்றை வையுங்கள், பலூன் மாதிரி. நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள். அவன் பார்த்ததும் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். பிறகு வேறொரு சமயம் நீங்கள் தூரத்தில் எதையாவது காட்டி "அதோ பார்" என்று சொல்லுங்கள். உங்கள் விரல் நுனியைப் பார்க்கிறானா, விரல் காட்டும் திசையைப் பார்க்கிறானா?

பெயர் சோதனையைப் பலர் தப்பாகச் செய்கிறார்கள். முகத்துக்கு எதிரே நின்று கை தட்டிக் கூப்பிட்டால் யாரும் திரும்புவார்கள். டிவி அணைந்திருக்க வேண்டும், அவன் ஒன்றில் மூழ்கியிருக்கக் கூடாது, நீங்கள் பக்கவாட்டிலோ பின்னாலோ கொஞ்ச தூரத்தில் இருக்க வேண்டும், சாதாரணக் குரலில் ஒரே முறை. செல்லப் பெயர் நாலைந்து இருந்தால் அதிகம் புழங்கும் ஒன்றை மட்டும் கூப்பிடுங்கள். வெவ்வேறு நேரங்களில் செய்து, பெரும்பாலும் திரும்பினால் சரி.

புரிதலைச் சோதிக்கும்போது உங்கள் கையையும் பார்வையையும் கட்டிப்போடுங்கள். "பந்தை எடு" என்று சொல்லும்போது நம் பார்வை தானாகப் பந்துக்குப் போகிறது, கை நீள்கிறது. குழந்தை அதைப் படித்துவிடும், சொல் புரிந்திருக்காது. அவன் முகத்தைப் பார்த்தபடி, கையைக் கட்டிக்கொண்டு, தினசரி வழக்கத்தில் இல்லாத ஒரு கட்டளையைச் சொல்லுங்கள். குளிக்கும் நேரத்தில் "குளிக்கப் போலாம்" என்றால் பக்கெட் சத்தமே விடை சொல்லிவிடும். விளையாடும்போது "செருப்பு எங்கே?" என்று கேளுங்கள்.

வார்த்தைக் கணக்கு: உச்சரிப்பு சரியாக இருக்கத் தேவையில்லை. ஒரே பொருளுக்கு, தானாக, ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ ஒரே ஒலி வந்தால் அது வார்த்தை. "தண்ணி"க்கு "ண்ணி" என்றால் ஒன்று. நாய்க்கு "பவ்வவ்", காக்காவுக்கு "கா கா", இவையும் ஒவ்வொன்று. நீங்கள் சொன்னதும் கிளிப்பிள்ளைபோல் திரும்பச் சொல்வது கணக்கில் வராது. "ம்மா" உங்களைப் பார்த்து மட்டும் வருகிறதா, அழும்போதெல்லாம் வருகிறதா என்று பாருங்கள். வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் இரண்டிலும் உள்ளவற்றைச் சேர்த்து எண்ணுங்கள். இரு மொழி பேச்சைத் தாமதப்படுத்தாது, ஒரு மொழியை நிறுத்தச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொல்லாவது முயல வேண்டும் என்பது சி.டி.சி. அளவு. 24 மாதத்தில் இரண்டு சொல் சேர வேண்டும்: "அப்பா வா", "பந்து தா". "என்னது இது" மாதிரி ஒட்டிக்கொண்டே வரும் தொடரை ஒரே சொல்லாக எண்ணுங்கள். 50 சொல் என்பது சி.டி.சி. பட்டியலில் 30 மாதத்தில் இருக்கிறது. பேச்சுப் பயிற்சித் துறையில் இரண்டு வயதிலேயே அதை எதிர்பார்ப்போம், நான் அந்தப் பழைய அளவையே பிடித்திருக்கிறேன். ர, ற, ழ இப்போது வராததைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அவை பள்ளி வயதை ஒட்டி வரும். நாக்குக்குக் கீழே இருக்கும் சவ்வை வெட்டினால் பேச்சு வரும் என்று யாராவது சொன்னால், அது சில ஒலிகளின் தெளிவைப் பாதிக்கலாமே தவிர, சொல் வராததற்குக் காரணம் அதுவல்ல.

எல்லாவற்றுக்கும் முன் காது. பிறந்தபோது செய்த சோதனையில் தேறியது இன்றைக்குச் சான்றிதழ் ஆகாது. குறைமாதக் குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தது, மஞ்சள் காமாலை கடுமையாக இருந்தது, இவற்றில் பிந்தைய இரண்டும் இருந்தால் இன்னும் கவனம். கதவுச் சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. கனத்த ஒலிகள் கேட்டு, ச, ஸ, ஷ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காமல் போவதுண்டு. சளி பிடித்த பிறகு நடுக்காதில் நீர் தங்கினால் ஒரு வாரம் கேட்கும், ஒரு வாரம் மங்கும். செவித்திறன் நிபுணரிடம் ஓ.ஏ.இ. (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்பது), டிம்பனோமெட்ரி (நடுக்காதில் நீர் இருக்கிறதா என்பது) இரண்டும் வலியில்லாமல் சில நிமிடங்களில் முடியும். விளக்கு பொம்மையைக் காட்டித் தலை திருப்ப வைத்துச் செய்யும் சோதனையும் இந்த வயதுக்கு ஏற்றது. தெளிவாகத் தெரியாவிட்டால் தூங்கும்போது பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளக்கும் சோதனை) எடுப்பார்கள்.

வீட்டில்: "சொல்லு, சொல்லு" என்பதை நிறுத்துங்கள். கேள்வியைக் குறைத்து, அவன் பார்ப்பதைச் சொல்லுங்கள். அவன் "தா" என்றால் நீங்கள் "பந்து தா" என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லிக் கொடுங்கள். ஒன்றைச் சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள், பெரும்பாலோர் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்ததைப் பேசிவிடுகிறார்கள். திரையைப் பொறுத்தவரை உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: ஒரு வயதில் தேவையே இல்லை, இரண்டு வயதில் ஒரு மணி நேரத்துக்குள்.

---

நிலாமுற்றம்

ரெண்டு பேருக்கும் நன்றி. செஞ்சு பார்த்தேன். பேர் சொன்னா திரும்புறான். "செருப்பு எங்கே"க்குச் செருப்புகிட்ட நகர்ந்து போனான். பலூனைக் காட்டி "ஊ"ன்னு விரல் நீட்டிட்டு என்னைப் பார்த்தான். ஆனா எழும்போது எப்பவும் வலது காலைத்தான் முன்னாடி ஊன்றான். பக்கவாட்டு நடையும் வலப்பக்கம் போறப்ப வேகம், இடப்பக்கம் போகவே மாட்டேங்கிறான். இது வெறும் பழக்கமா இருக்குமா?

---

சொல்வளர்

பெயர், புரிதல், பகிர்வதற்காக விரல் நீட்டுவது மூன்றும் இருக்கின்றன. சொல் குறைவாக இருந்தாலும் இப்போதைக்கு என் பக்கம் அவசரம் இல்லை, காதுச் சோதனை மட்டும் செய்துவிடுங்கள். திருத்திய 18 மாதம் வரும்போது ஆட்டிசம் வாய்ப்பை வடிகட்டும் எம்-சாட்-ஆர் வினாத்தாளை மருத்துவரிடம் நிரப்புங்கள். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். 0 முதல் 2 வரை வந்தால் நிம்மதி, 3 முதல் 7 என்றால் தொடர் கேள்விகள் கேட்பார்கள், 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேரடியாக நிபுணரிடம் அனுப்புவார்கள். அது வடிகட்டிதான், நோய் முடிவு அல்ல. 24 மாதத்தில் மறுபடியும் செய்ய வேண்டும், முதல் தடவை தப்பியது அப்போது பிடிபடலாம்.

இன்னொன்று: புதுச் சொல் சில வாரம் வராமல் நிற்பது சகஜம், நடை பழகும்போது பேச்சு ஒதுங்கும். இருந்த சொல், இருந்த கையசைப்பு, கண்ணோடு கண் பார்த்த பழக்கம் போய்விட்டால் அது எந்த வயதானாலும் உடனே காட்ட வேண்டியது. காய்ச்சலில் நாலு நாள் சோர்வதைச் சொல்லவில்லை.

---

தளர்நடை

பழக்கமாக இருக்கலாம், ஆனால் அதை நீங்களும் நானும் முடிவு செய்ய வேண்டாம். 18 மாதம் வரை காத்திருக்கலாம் என்று சொன்னது இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் குழந்தைக்கு. ஒரு பக்கம் பின்தங்கினால் வயதுக் கணக்கு பொருந்தாது, இந்த மாதத்திலேயே காட்டுங்கள். அதுவும் குறைமாதக் குழந்தைக்கு.

அதற்கு முன் ஒரு சோதனை: கட்டிலோ சோபாவோ அவன் இடப்பக்கம் மட்டும் நகர முடியும்படி வலப்பக்கம் நீங்கள் உட்கார்ந்து மறித்துக்கொள்ளுங்கள். பிடித்த பொம்மை இடது கோடியில். முனகிக்கொண்டாவது நன்றாகக் கால் எடுத்து வைத்துப் போனால் பழக்கம் என்ற பக்கம் சாயலாம். இடது காலை இழுத்துக்கொண்டோ, குதிகால் தரையில் படாமலோ, விரல்களைச் சுருட்டிக்கொண்டோ போனால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக அதைச் சொல்லுங்கள். இடது கையையும் பாருங்கள்: கட்டை விரல் உள்ளங்கைக்குள் மடங்கி, முஷ்டி மூடியே இருக்கிறதா? வலது கையில் ஏற்கனவே ஒன்று இருக்கும்போது இரண்டாவது கட்டையை இடது கையால் வாங்குகிறானா? டயப்பர் மாற்றும்போது இரு தொடையையும் மடக்கி விரித்துப் பார்த்தால் ஒரு பக்கம் குறைவாக விரிகிறதா, முட்டிகள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா? அது இடுப்பு மூட்டுக் கேள்வி. எதையும் வலுக்கட்டாயமாக அழுத்த வேண்டாம்.

ஐந்து நிமிடத்துக்கு: ஒரு தாளில் பிறந்த வாரம், எடை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்கள், காமாலை, தலை ஸ்கேன் எடுத்திருந்தால் அதன் முடிவு, காதுச் சோதனை, தலைச் சுற்றளவு அட்டை. அடியில் ஒரே கேள்வி: "எப்போதும் வலது காலால் எழுகிறான், இடப்பக்கம் நடப்பதில்லை, இரு பக்கத் தசையும் சமமா?" பொதுவாக "இன்னும் நடக்கல" என்று தொடங்கினால் "நடப்பான், போங்க" என்றுதான் பதில் வரும்.

வீடியோ நான்கு போதும், ஒவ்வொன்றும் அரை நிமிடம். தரையிலிருந்து எழுவது, பக்கவாட்டு நடையைப் பின்னாலிருந்து, அதே நடையை முன்னாலிருந்து, இரு கையாலும் விளையாடுவது. போனைத் தரைக்கு அருகில், அவன் முட்டி உயரத்தில் வைத்து எடுங்கள். மேலிருந்து எடுத்தால் குதிகால் தெரியாது.